200 ரூபாய் சந்தாவுக்காக ஒருவரின் பாலிசி போகலாமா?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

அரசின் 2022 ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடித்தம். 2022 ஜூலையில் வந்த அந்தத் திட்டத்தில் சிகிச்சைக்குத் தரும் 5 லட்சம் என்பது வருடத்துக்கு அல்ல, நான்கு வருடத்துக்கும் சேர்த்து. ஒருமுறை கோவைக்கு இறங்கிப் போய் இதய ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அதில் எவ்வளவு மிஞ்சும்? அதனால்தான் சங்கம் உறுப்பினர்களுக்காக ஏற்பாடு செய்த குழு டாப்-அப் பாலிசியில், அதாவது ஒரு வரம்புக்கு மேல் ஆகும் செலவைத் தரும் பாலிசியில், நம்பிச் சேர்ந்தோம். அந்த ஏற்பாட்டுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் போன நவம்பரில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த அக்கா, 74 வயது. சந்தா 200 ரூபாயை மாதக் கடைசிக்குள் ஊட்டி அலுவலகத்தில் நேரில் கட்ட வேண்டும் என்பது விதி. விடாத மழை, ரோட்டில் மண் சரிவு, பஸ் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் அவரால் போக முடிந்தது. “பேரை எடுத்தாச்சும்மா” என்றார்கள். உறுப்பினர் இல்லை, அதனால் பாலிசியும் இல்லை. பையில் வைத்திருந்த பிரீமியத்தை அப்படியே திரும்பக் கொண்டு வந்தார். அடுத்த வருடம் புதிதாகச் சேரலாமாம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்குப் பாலிசியில் பணம் கிடைக்க இரண்டு வருடம் காத்திருந்தது வீண்; மறுபடியும் முதலிலிருந்து.

உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. காப்பீடு வாங்குவதற்காக மட்டும் ஒரு குழுவைச் சேர்க்க காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விடுவதில்லை, அது நியாயம்தான். ஆனால் வருடப் பிரீமியத்துக்குக் காப்பீட்டுக் கம்பெனியே 30 நாள் அவகாசம் தருகிறது. நம் சங்கம் 200 ரூபாய்க்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. மலையில் நவம்பர் மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் வருத்தம். குழுவை விட்டு விலகுபவர் அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். பாலிசி முடிவதற்கு முன்பே, காலத்தோடு கேட்க வேண்டும். இதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, குழு பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது என்பதையும் சுற்றறிக்கையில் போடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

சரி, என்ன செய்யலாம்? சந்தாவை பென்ஷன் வரும் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். முடியாதவர்களுக்காகக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஒரு நாள் உட்கார்ந்து வாங்குங்கள். பெயரை நீக்கும் முன் ஒரு போன் பண்ணுங்கள். சங்கத்தில் இருந்தால்தான் பாலிசி என்பதைச் சேரும்போதே தமிழில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், அக்காவின் பெயரைப் பழைய தேதியிலேயே மறுபடி சேர்த்து, காத்திருப்புக் காலம் அறுபடாமல் இருக்கக் கம்பெனிக்கு நீங்களே கடிதம் எழுத வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். சந்தாப் பணம் கையில் இருக்கும். ரசீது போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர், கோத்தகிரி