புவியியல் படிக்கும் பிள்ளைக்கும் பர்சரி கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட உயர்கல்விச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல், கணினி அறிவியல் எனப் பல படிப்புகளுக்கும் தகுதி என்ன, செலவு எவ்வளவு, வேலை எங்கே என்ற விவரங்கள் இருந்தன. புவியியலுக்கும் சுற்றுச்சூழல் படிப்புக்கும் ஒரு வரிகூட இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் 31 ஆண்டுகள் உயர்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இது வருத்தம் தந்ததே தவிர வியப்புத் தரவில்லை. “வரைபடத்துக்கு வண்ணம் பூசுகிற பாடந்தானே டீச்சர், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்று பெற்றோர் சந்திப்பு நாள்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது.

என்னை எழுதத் தூண்டியது வேறொரு நிகழ்ச்சி. என் தெருவில் வசிக்கும் ஒரு பெண், பள்ளி இறுதித் தேர்வான மேட்ரிக்கில் கணிதத்திலும் புவியியலிலும் சிறப்பாகத் தேறியவள், பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்புக்கே இடமும் பெற்று, நம்மவர் நடத்தும் சங்கம் ஒன்றிடம் பர்சரி என்னும் கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தாள். “தொழில் தரும் படிப்புகளுக்கு மட்டுமே” என்ற ஒற்றை வரியுடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. சங்கத்தின் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. நல்ல எண்ணத்தோடு நடத்தப்படுவது அது, இதே விதியை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன். அவள் இப்போது கணக்கியல் படிக்கிறாள். அந்த விதியை மாற்ற வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

இந்த நகரத்தில் நாம் எந்தெந்த நிலத்தில் வாழ்ந்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களுக்கும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களுக்கும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறி பயிரிடக் கிடைத்த இடங்களில் பல ஆற்றோரத் தாழ்நிலங்கள். மண் வளமானது, குத்தகை குறைவு, வெள்ளமும் வரும். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுப்பிய கோயிலை வெள்ளம் அழித்தது. அதிலிருந்து மீட்ட கதவுகளைப் பாதுகாத்து, 1947இல் கேட்டோ மேனரில் கட்டப்பட்ட அம்பலவாணர் ஆலயத்தில் பொருத்தினார்கள். புனித வெள்ளியன்று தீமிதிக்கு அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கதவுகளை ஒரு வெள்ளத்தின் சாட்சியாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நானே நாற்பது வயதுக்குப் பிறகுதான் அப்படிப் பார்த்தேன்.

உம்கேனி ஆற்றில் 1917 அக்டோபர் 28 அன்று பெருவெள்ளம் வந்தபோது, படவட்டான் சகோதரர்கள் முதலிய மீனவர் அறுவர் ஒரு படகைக் கொண்டு 176 பேரைக் காப்பாற்றினர். அவர்களுடைய வீரத்தை நம் விழா மேடைகளில் தவறாமல் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அத்தனை குடும்பங்கள் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் தகரக் கொட்டகைகளில் ஏன் இருக்க நேர்ந்தது என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அதே ஆற்றங்கரையின் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் இருந்த டின் டவுன் குடியிருப்பு 1976இல் மறுபடி வெள்ளத்தில் மூழ்கியது. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களே டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸில் முதலில் குடியேறியவர்களுள் பலர். குறிஞ்சி, முல்லை என்று ஐந்திணையை ஒப்பிக்கும் போட்டிகளை ஆண்டுதோறும் நடத்தி, பரிசுக் கோப்பையும் வழங்கும் நாம், நாம் நிற்கிற நிலம் எத்தகையது என்று கேட்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

என் குடும்பம் கேட்டோ மேனரில் கீரையும் பீன்ஸும் பயிரிட்டு வாழ்ந்தது. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களை அங்கிருந்து கிளப்பியபோது எனக்கு ஏழு வயது. சாட்ஸ்வொர்த்தில் இறக்கிவிட்டார்கள். வடக்கே உம்ஹ்லாட்டுசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு. இந்தப் பக்கம் வெள்ளையருக்கான குவீன்ஸ்பரோ, அந்தப் பக்கம் ஆப்பிரிக்கருக்கான உம்லாசி, நடுவில் இந்தியர். ஆறும் மேடும் இனங்களைப் பிரிக்கும் வேலியாகும் என்று கணக்கிட்டவர்கள் நிலத்தை நன்றாகப் படித்தவர்கள். நாங்கள் படிக்கவில்லை. 1970களின் நடுவில், அப்போது இந்தியருக்கு மட்டுமென இருந்த வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில், 2930டிடி என்ற எண்ணுள்ள 1:50 000 நிலவரைபடத் தாளை முதன்முதலாக விரித்தபோதுதான், என் வீடு ஏன் அந்தச் சரிவில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. அந்தத் தாளில் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும் சமவுயரக் கோடுகள் எங்கள் தெருவுக்குக் கீழே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன; சரிவு அவ்வளவு செங்குத்து.

அந்த நெருக்கத்தின் பொருளை 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் ஊர் முழுவதும் கற்றுக்கொண்டது. மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, நகராமல் கடலோரத்தில் நின்ற ஒரு தாழ்வழுத்தம் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. 430க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டர்பனின் கடலோர மேடுகளில் பரவியிருக்கும் பெரியா செம்மணல், பழைய மணற்குன்றுகள் சிதைந்து உண்டானது. காய்ந்திருக்கையில் கட்டடத்தைத் தாங்கும், நீர் ஊறினால் குழைந்து சரியும். தடுப்புச் சுவர் கட்டுகிற நம்மவர் பலர் சுவரின் தடிமனைப் பார்க்கிறார்களே தவிர, சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற வழி விடுவதில்லை. புவி வெப்பமாகாத காலத்தில் சுமார் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க அத்தகைய மழையை இன்று சுமார் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம் என்று, வானிலைப் பேரிடர்களில் காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் குழுவின் ஆய்வு கூறியது. அதாவது இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளை தன் வாழ்நாளில் இன்னும் சில முறை அதைப் பார்க்கக்கூடும்.

அதே இரவில், பால்மியட் ஆற்றங்கரையில் இருக்கும் குவாரி ரோடு வெஸ்ட் என்ற ஏழைக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குடிசைகளை ஆறு இழுத்துக்கொண்டு போனது. ஆனால் நகராட்சியும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து முன்பே ஏற்படுத்தியிருந்த எச்சரிக்கை ஏற்பாட்டின்படி வாட்ஸ்அப்பில் செய்தி வந்து, மக்கள் நேரத்தோடு வெளியேறினார்கள். மழைமுன்னறிவிப்பையும் ஆற்றின் நீர்பிடிப்புப் பரப்பையும் ஒரு தெருவின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்களால் ஆன வேலை அது. இதற்குத்தான் பல்கலைக்கழகத்தில் புவியியல் என்று பெயர்.

வண்ணம் பூசுவது முதல் மாதத்தோடு முடிந்துவிடும். பிறகு மாணவர் மண்ணைக் குழி தோண்டி அடுக்கடுக்காகப் பதிவுசெய்ய வேண்டும். ஆற்றில் இறங்கி நீரோட்டத்தின் வேகத்தை அளக்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களையும் புவியியல் தகவல் முறைமை மென்பொருளையும் கையாள வேண்டும். புள்ளியியல் படிக்க வேண்டும். மக்களிடம் கேள்வி கேட்கவும், அவர்கள் சொல்லாததைக் கவனிக்கவும் பழக வேண்டும். அறிவியல் பட்டம் வழியாகவும் சேரலாம், சமூக அறிவியல் பட்டம் வழியாகவும் சேரலாம். பெற்றோர் ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: பத்தாம் வகுப்பில் எளிது என்று கணிதத்தை விட்டு, அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் மேத்ஸ் லிட்டரசியை எடுக்கும் பிள்ளைக்கு அறிவியல் பட்டத்தின் கதவு அப்போதே சாத்தப்படுகிறது. எத்தனையோ நல்ல மாணவர்களை நான் அந்த இடத்தில் இழந்திருக்கிறேன்.

தொழில் இல்லை என்பதும் சரியன்று. மூன்றாண்டுப் பட்டத்துக்கு மேல் ஓராண்டு ஆனர்ஸும் முடித்து, தேவையான பணி அனுபவமும் பெற்றவர், 2003ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் இயற்கை அறிவியல் தொழில்வல்லுநர் மன்றத்தில் பதிவுசெய்துகொள்ளலாம். 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், பட்டியலிடப்பட்ட பெரிய திட்டங்களைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டும். அதைத் தயாரிப்பவரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். நகராட்சி, நீர் வாரியம், காப்பீட்டு நிறுவனம், சுரங்கம் என எங்கும் இவர்களுக்கு வேலை உண்டு. மருத்துவரைப் போலச் சம்பாதிப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கணக்காளர் வீட்டு நிலைமைக்குக் குறைந்துபோக மாட்டார்கள்.

சம்பளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்த மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்கள் கருத்துக்காகக் குறைந்தது 30 நாள்கள் வைக்கப்படுகின்றன. பலநூறு பக்கம் கொண்ட அறிக்கை நம் தெரு நூலகத்துக்கு வருகிறது. அதைப் படித்து, “நீரியல் இணைப்பில் இந்தக் கணக்கு தவறு” என்று எழுதிக் கொடுக்க நம் தெருவில் ஆள் இல்லை. டர்பனின் தெற்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் குடியமர்த்தப்பட்ட மெர்பேங்க் மக்கள், தம் பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் என்று பல்லாண்டு சொல்லியும் எடுபடவில்லை. பள்ளியில் ஆய்வு நடந்து, காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு அளக்கப்பட்டு, ஆஸ்துமாவின் அளவு எண்களாக வெளிவந்த பிறகே அரசு அசைந்தது. உடல்நலத்துக்குக் கேடில்லாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவரின் உரிமை என்று நம் அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அளந்து காட்ட ஆளில்லாத ஊரில் அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

ஆகவே, பர்சரி வழங்கும் கோயில் அறக்கட்டளைகளும் தமிழ்ச் சங்கங்களும் தங்கள் படிப்புப் பட்டியலில் புவியியலையும் சுற்றுச்சூழல் அறிவியலையும் சேர்க்க வேண்டும் என்றும், ஆனர்ஸ் ஆண்டுக்கும் அந்த உதவியைத் தொடர வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அடுத்த உயர்கல்விப் பக்கத்தில் இப்படிப்புக்கு அரைப் பத்தியாவது ஒதுக்கினால் மகிழ்வேன்.

நான் மேலே சொன்ன பெண்ணின் தம்பி இவ்வாண்டு மேட்ரிக் எழுதுகிறான். நம் மாகாணத்தின் மத்திய விண்ணப்ப அலுவலகப் படிவத்தில் ஆறு விருப்பங்கள் எழுதலாம். அவன் புவியியலை ஆறாவதாக எழுதியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன். “சங்கம் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு மாத்திக்கலாம் ஆன்ட்டி” என்றான். விருப்பங்களை மாற்றிக்கொள்ளத் தரப்படும் அவகாசம் நீண்டதன்று. பர்சரிக் குழுக்கள் கூடுவதற்கு முன்பே இக்கடிதத்தை வெளியிட இயன்றால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.