நடிகரைக் கூப்பிடுவதற்கு முன்னால்: எங்கள் ஊருணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஊருணிக் குழுவில் இருக்கிற அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், குழுவோடு ஓடியாடுகிற தம்பிகளுக்கும் வணக்கம்.

பங்குனியில் ஊருணியைத் தூர்வாரப் போகிறீர்கள், நல்ல காரியம். தொடக்க விழாவுக்கு ஒரு பெரிய நடிகரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் ஜனங்களுக்கு விழிப்புணர்வு வரும் என்று பேசி முடித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்ன, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊருணிக்கரை வரைக்கும் ஃப்ளெக்ஸ் வைக்க எவ்வளவு ஆகும் என்று என் கடைக்கே ஆள் வந்து விலை விசாரித்துவிட்டுப் போய்விட்டார். ஃப்ளெக்ஸ் அடித்துப் பிழைக்கிறவன் நான், இந்த விழா நடந்தால் எனக்கு நல்ல மாதம். அப்படிப்பட்டவனே வேண்டாம் என்று சொன்னால் கொஞ்சம் நின்று கேட்பீர்கள் இல்லையா, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நடிகர்கள் சுற்றுச்சூழல் பேசுவதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 2016 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கிய மேடையில் ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ காலநிலை மாற்றத்தைப் பற்றிச் சில வரிகள் பேசினார். அதனால் என்ன நடந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் ட்விட்டரில் அந்த விஷயத்தைப் பற்றி இரண்டரை லட்சத்துக்கு மேல் பதிவுகள். கூகுளில் தேடியவர்களும் குவிந்தார்கள், வருஷா வருஷம் பூமி நாள் என்று கொண்டாடுகிறார்களே, அதற்கு வருகிற கவனத்தைவிடப் பல மடங்கு. சரி, அந்தத் தேடல் எத்தனை நாள் உயர்ந்து நின்றது? அதற்கப்புறம் இன்னும் 4 நாள். அதோடு, அந்த ஆய்வு அளந்தது எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்பதைத்தான். பார்த்தவர்களில் எத்தனை பேர் மனசு மாறினார்கள், எத்தனை பேர் வீட்டில் எதையாவது மாற்றினார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

அதே டிகாப்ரியோ 2019 ஜூனில் சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் போட்டார், ஞாபகம் இருக்கிறதா? இங்கே நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் அது சுற்றியது. டைட்டானிக் ஹீரோவே நம்ம சென்னையைப் பற்றிப் பேசிவிட்டார் என்று ஒரே பெருமை. தண்ணீர் இல்லை என்பதைவிட அவர் நம்மைக் கவனித்தார் என்பதுதான் செய்தியாகிப் போனது. நடிகர் வருகிற விழாக்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். டிசைன் போடுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், நாற்பது அடி பேனரில் முப்பத்தைந்து அடிக்கு அவர் முகம், அப்புறம் யார் யார் வரவேற்கிறார்களோ அவர்கள் முகங்கள், மிச்சமிருக்கிற மூலையில் 'நீர்நிலை காப்போம்'. அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று கேட்டால் என் போட்டோவைச் சின்னதாக்கிடாதே என்பார்கள். விழா முடிந்ததும் அந்த பிவிசி விரிப்பெல்லாம் ஆட்டுக்கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் போய்விடும், அதுவும் கிழிந்ததும் கடைசியில் வந்து சேர்கிற இடம் ஊருணியில் விழுகிற ஓடைதான்.

இப்போது ஒரு கேள்வி. நடிகர் வந்து யாருடைய கருத்தை மாற்றப் போகிறார்? ஊருணி பாழாய்ப் போகட்டும் என்று சொல்கிற ஒரே ஒரு ஆளை நம்ம ஊரில் காட்டுங்கள் பார்ப்போம். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தால் காரைக்குடிக்காரர் யாரும் லேசில் நிறுத்த மாட்டார், அதே மாதிரி ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அவரவர் ஊருணி. குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக்கூடாது, சோப்புப் போடக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடாக இருந்த காலத்தை எங்கள் அப்பத்தா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். கருத்து எல்லாருக்கும் சரியாகத்தான் இருக்கிறது. காய்ந்து கிடப்பது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்.

தம்பிகளில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நம்ம செட்டிநாடு செம்புறாங்கல் பூமி, இந்தப் பக்கம் வற்றாத ஆறு எதுவும் கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் விழுகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. பெரிய வீடுகளில் ஓட்டுக் கூரைத் தண்ணீர் நாலா பக்கமும் சரிந்து நடு முற்றமான வளவுக்குள் விழும், அண்டாவில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுவார்கள். தெருவில் ஓடுகிற தண்ணீர் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும், ஊருணி நிறைந்தால் அடுத்த ஊருணிக்கு, அதுவும் நிறைந்தால் கண்மாய்க்கு. ஆகவே ஊருணி என்பது அந்தப் பள்ளம் மட்டுமில்லை, மேட்டிலிருந்து அது வரைக்கும் வருகிற பாதை முழுக்க ஊருணிதான். அந்தப் பாதையை இப்போது ஒரு தடவை நடந்து பாருங்கள். சிமெண்ட் ரோடு போட்டபோது ஒரு பாலத்தைத் தூர்த்துவிட்டார்கள். கார் ஏறுவதற்காக ஒருவர் சாய்தளம் போட்டிருக்கிறார், அதற்கு அடியில் கால்வாய் இருந்தது. பழைய வீட்டை ஹோட்டலாக்கிய இடத்திலிருந்து குளியலறைக் குழாய் ஒன்று நேராகக் கால்வாய்க்குள் இறங்குகிறது. கல்யாணத்துக்கும் பூசைக்கும் மட்டும் திறக்கிற ஒரு வீட்டின் பின்கட்டுச் சுவர் கால்வாயை விழுங்கி நிற்கிறது, அந்த வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு நம்ம ஊருணி குரூப்பில் முதல் ஆளாகக் கைகூப்புகிற எமோஜி போடுகிறவர். இவர்கள் யாருக்கும் விழிப்புணர்வு குறைவில்லை. நடிகர் வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள், மரக்கன்று நடும்போது பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், சாய்தளம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

செலவில்லாத ஆதரவுக்கு நம்ம நாட்டில் என்றைக்குமே பஞ்சமில்லை. 2017இல் ஈஷா நடத்திய 'நதிகளை மீட்போம்' பிரசாரத்துக்கு மிஸ்டு கால் கொடுத்தவர்கள் 16 கோடி என்று அதை நடத்தியவர்களே சொன்னார்கள். சினிமாக்காரர்கள், கிரிக்கெட்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள், நானும் கொடுத்தேன். மிஸ்டு கால் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டப்பட்டு மாறியவர்களைப் பார்க்க வேண்டுமானால் நம்ம சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் தாண்டி மேலூர் ரோட்டில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி வரைக்கும் போய்விட்டு வாருங்கள். 1977இலிருந்து பறவைகள் சரணாலயமாக இருக்கிற கண்மாய்கள். நாரைகள் வந்து இறங்குகிற நேரம் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, தலைமுறையாக அப்படித்தான். சின்னப் பிள்ளைகளுக்கு வெடி கிடையாது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். எந்த ஹீரோ வந்து சொல்லிக் கேட்டார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வெடிப்பதில்லை, அதனால் நம்ம பிள்ளையும் வெடிப்பதில்லை, அவ்வளவுதான் சங்கதி. வனத்துறை இனிப்புக் கொடுத்துப் பாராட்டுவதெல்லாம் அப்புறம் வந்தது.

அரிட்டாபட்டியும் நமக்குத் தூரமில்லை. 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த இடத்தைச் சேர்த்து 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து ஊர்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டன, 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆணும் பெண்ணுமாக மதுரையை நோக்கிக் கிளம்பினார்கள், அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்து. முன்னால் நின்றவர்கள் அந்த மண்ணில் விவசாயம் பார்க்கிறவர்கள். அவர்கள் பேசினால் இது எதற்கு, உனக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்க முடியாது பாருங்கள்.

பிரபலங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், சில சமயம் மூஞ்சிக்கு நேராகவே. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் செத்த பிறகு ரஜினிகாந்த் மருத்துவமனைக்குப் போனார். காயம்பட்டுப் படுத்திருந்த ஒரு தம்பி, யார் நீங்க என்று கேட்டார். தமிழ்நாட்டில் ரஜினியைப் பார்த்து அந்தக் கேள்வி! இத்தனை நாள் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று அதற்கு அர்த்தம் என்று எல்லாருக்கும் புரிந்தது. நம்ம விழாவுக்கு வருகிறவரைப் பார்த்து, ஊருணிக்கரையில் குப்பை பொறுக்குகிற அக்காமார் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். மனசுக்குள் கேட்பார்கள்.

அதிலும் நம்ம பக்கத்தில் சினிமாக்காரர்கள் புதுசில்லை. கானாடுகாத்தான் வீடுகளில் எடுக்காத கல்யாண சீனா? போன வருஷம் ஒரு படப்பிடிப்பு முடிந்து கேரவனும் ஜெனரேட்டரும் கிளம்பிய மறுநாள் நம்ம ஊருணிப் படிக்கட்டில் கிடந்த காகிதக் கோப்பைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அள்ளினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் இன்னொரு நடிகர் நின்று பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் விவேக்? என்று தம்பிகள் கேட்பீர்கள், நியாயம்தான். அப்துல் கலாம் சொன்னார் என்று ஒரு கோடி மரம் நட இறங்கி, 2021 ஏப்ரலில் இறக்கும்போது 33 லட்சத்துக்கு மேல் நட்டிருந்தார். அவர் இறந்த வாரம் தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் கன்று வாங்கி நட்டார்கள். அந்த மரியாதை திறப்பு விழாவில் கிடைத்ததில்லை, பத்து வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி அதையே பேசியதில் கிடைத்தது. படத்தில் ஜோக் அடிக்கிறவர் கன்று விஷயத்தில் விளையாடவில்லை என்று ஜனங்களுக்குத் தெரிய அவ்வளவு வருஷம் ஆனது. நமக்கு வரப்போகிறவர் கொடுத்திருக்கிற நேரம் முக்கால் மணி என்று கேள்வி.

முக்கால் மணியிலும் உருப்படியாக ஒன்று செய்யலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது பெரிய திட்டங்களால் சூழலுக்கு என்ன பாதிப்பு என்று பார்த்து அனுமதி கொடுக்கிற விதிகளின் வரைவு, வந்தபோது நடிகர் கார்த்தி அதில் என்ன பிரச்சினை என்று எழுதினார், அண்ணன் சூர்யாவும் சேர்ந்துகொண்டார். ஆகஸ்ட் 11க்குள் மத்திய அரசுக்குக் கருத்து அனுப்பலாம் என்கிற நேரம் அது. லட்சக்கணக்கில் கருத்துகள் போயின. அதற்கெல்லாம் அவர்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், சூழல் அமைப்புகளும் மாணவர்களும் முன்னாலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் இயற்கையைக் காப்போம் என்று மொட்டையாகச் சொல்வதற்கும், இன்ன தேதிக்குள் இன்ன இடத்துக்கு எழுது என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கேட்கிறவனுக்குக் கையில் ஒரு வேலை கிடைக்கிறது.

ஆகவே அவரைக் கூப்பிட்டே தீருவோம் என்றால் விழா மேடை வேண்டாம். மார்ச் 22 தண்ணீர் நாள் கிராமசபைக்கு வரச் சொல்லுங்கள். ஆளுயர ரோஜா மாலை, பொன்னாடை ஒன்றும் கிடையாது, எல்லாரோடும் உட்காரட்டும். வரத்துக்காலில் எந்தெந்த இடம் அடைபட்டிருக்கிறது என்கிற பட்டியலை அவர் வாயால் படிக்கட்டும். ஆள் பேரைச் சொல்ல வேண்டாம், சர்வே எண்ணைச் சொன்னால் போதும், யார் வீடு என்று ஊருக்குத் தெரியாதா? அவர் படித்தால் அது வீடியோவாக சிங்கப்பூர் வரைக்கும் போகும். அப்புறம் ஐப்பசியில் முதல் மழைக்கு இன்னொரு தடவை வரமுடியுமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் சம்மதித்தால் என் கடையில் இலவசமாகவே போர்டு அடித்துத் தருகிறேன், துணியில். சம்மதிக்கவில்லை என்றால் அவருக்கு வேண்டியது என்ன என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆச்சிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பனையோலைக் கொட்டான் நம்ம கல்யாண வீடுகளிலிருந்து ஏறக்குறையக் காணாமல் போய், பிளாஸ்டிக் கூடை உட்கார்ந்திருந்த நேரத்தில், அதைத் திரும்பக் கொண்டுவந்தது விளம்பரமா? நம்ம பக்கத்துப் பெண்களே முன்னின்று முடையக் கற்றுக்கொடுத்தார்கள். நாலு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலம் கொட்டானில் வந்தது, மற்ற வீட்டுக்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த ஊரில் நீங்கள்தான் பிரபலம். நம்ம வீட்டுக் குழாயை முதலில் எடுத்துவிட்டேன் என்று உங்களில் ஒருவர் கோயில் வாசலில் சொன்னால் அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் கொத்தனாரைத் தேடுவார்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த புள்ளிவரியிலும் மற்ற தெருக்காரர்கள் போட்ட பணத்திலும் சேர்ந்த தொகை நடிகரின் கார், தங்கல், பந்தல், மைக்செட் என்று கரைவதற்கு முன்னால் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். வரத்துக்கால் போகிற சர்வே எண்களின் புலப்படமும் (நில அளவை வரைபடம்), எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கிற அ-பதிவேட்டு நகலும் வேண்டும், எங்கே வாய்க்கால் புறம்போக்கு என்று போட்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் பேச முடியும். தாலுகா ஆபீஸுக்கு யார் போகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்துவிட்டால், பெரிய தாளில் அச்சடித்துக் கிராமசபைக்கு முன்னால் கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஆபீஸ் கிடையாது.