இயக்குநர் குழு அழைப்பு குறித்து ஒரு கடிதம்

அன்பு நண்பனுக்கு,

நலம். உன் நலமும் இல்லத்தார் நலமும் அறிய ஆவல். சென்ற வாரம் வந்த உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான்கே மாதத்தில், கடன் செயலி நிறுவனங்கள் கூடி நடத்தும் இலாப நோக்கமற்ற சங்கம் ஒன்று தன் இயக்குநர் குழுவில் சார்பற்ற இயக்குநராக இருக்க உன்னை அழைத்திருக்கிறது என்ற செய்தி உள்ளபடியே மகிழ்ச்சி தந்தது. "முதலாளிகள் சங்கத்தில் எனக்கென்ன வேலை?" என்று நீ கேட்டிருக்கிறாய். உனக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதே என் எண்ணம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு 2020-இல் நேர்ந்ததை உனக்கு நான் முழுமையாகச் சொன்னதில்லை. ஊரடங்கில் சம்பளம் நின்றிருந்த நேரத்தில், ஏழு நாள் தவணையில் ஒரு செயலி வழியாகச் சிறு தொகை ஒன்றைக் கடனாக வாங்கினான். எட்டாம் நாள் காலையில், அவன் கைபேசியிலிருந்த எண்களுக்கெல்லாம், பள்ளியில் அவனுக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் வரைக்கும், அவனை மோசடிக்காரன் என்று சொல்லும் செய்தி போயிருந்தது. அப்போது நான் ஒரு கடன் நிறுவனத்தின் சட்ட இணக்கப் பிரிவில் இருந்தேன். இத்தொழிலின் விதிகளைப் படிப்பதே என் வேலை. அப்படிப்பட்ட எனக்கே யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. அந்தச் செயலிக்கு முகவரி இல்லை, பின்னால் எந்த நிதி நிறுவனம் இருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. அந்த இரண்டு வாரங்களில் அவன் முகத்தில் கண்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

அவன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 தொடக்கத்தில் இரண்டு மாதங்கள் தேடிப் பார்த்தபோது, இந்தியப் பயனாளர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100 இருந்தன. அவற்றுள் சுமார் 600 சட்டவிரோதமானவை. அந்தக் குழுவின் அறிக்கை 2021 நவம்பரில் வெளிவந்தது. அதில்தான், இத்தொழிலுக்கென ஒரு சுய ஒழுங்குமுறை அமைப்பு, அதாவது தொழில் நிறுவனங்கள் தாமே கூடித் தம் உறுப்பினர்களுக்கு விதி வகுத்துக் கண்காணிக்கும் சங்கம், வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியிடமிருந்து வந்த வழிகாட்டுதல்கள், கைபேசியின் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் செயலிகள் தொடக்கூடாது என்றன. கடன்தொகை இடையில் எவர் கணக்கிலும் நிற்காமல் நேரே கடன் பெறுபவரின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும் என்றும், புகார்களைக் கேட்க ஓர் அலுவலர் இருக்கவேண்டும் என்றும் விதித்தன.

விதி வந்துவிட்டதே, சங்கம் எதற்கு என்று நீ கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் நேரடிக் கண்காணிப்பில் இருப்பவை வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும். செயலியை எழுதி, ஆளைச் சேர்த்து, வசூல் வரைக்கும் பார்ப்பவை பெரும்பாலும் அவற்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தொழில்நுட்ப நிறுவனங்கள். அந்த இடைவெளியில் நிற்கத்தான், 2024 மே 30 அன்று நிதித் தொழில்நுட்பத் துறைக்கான சுய ஒழுங்குமுறை அமைப்புகளை அங்கீகரிக்கும் நெறிமுறையை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. மூன்று விண்ணப்பங்கள் வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று ஃபின்டெக் அசோசியேஷன் ஃபார் கன்ஸ்யூமர் எம்பவர்மென்ட் என்ற, ஃபேஸ் எனச் சுருக்கி அழைக்கப்படும் அமைப்புக்கு முதல் அங்கீகாரம் கிடைத்தது.

அந்த நெறிமுறையைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. இத்தகைய அமைப்பு, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவின்கீழ் பதிவான இலாப நோக்கமற்ற நிறுவனமாக இருக்கவேண்டும். வரும் உபரியை அமைப்பின் நோக்கத்துக்கே செலவிடவேண்டுமேயன்றி ஈவுத்தொகையாகப் பிரித்துக்கொள்ள முடியாது. எந்த ஒரு நிறுவனமும் பத்து விழுக்காடு பங்கோ அதற்கு மேலோ வைத்திருக்கக்கூடாது. இயக்குநர்களில் தலைவர் உட்பட மூன்றில் ஒரு பங்கினராவது இத்தொழிலோடு நடப்புத் தொடர்பு இல்லாதவர்களாக இருக்கவேண்டும். உன்னை அழைத்தவர்கள் இந்த அங்கீகாரத்தை இன்னும் பெறவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குத் தயாராகும் எண்ணத்தில்தான் உன்னை அழைக்கிறார்கள் என்றால், அழைப்பில் பொருள் இருக்கிறது.

நுண்கடன் துறையில் இதை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 2010 அக்டோபரில் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது நீ கிராமக் கிளையில் மேலாளராக இருந்தாய். அங்கே வசூல் அடியோடு நின்றதையும், குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கிய பெண்கள் பட்ட பாட்டையும் பற்றி நீ அன்று எழுதிய கடிதம் என்னிடம் இன்னும் இருக்கிறது. அந்தச் சரிவுக்குப் பிறகுதான் நுண்கடன் நிறுவனங்களின் சங்கங்களான எம்ஃபின் 2014-இலும் சா-தன் 2015-இலும் அத்துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்புகளாக அங்கீகாரம் பெற்றன. வீடு எரிந்த பின் கிணறு வெட்டிய கதை அது. கடன் செயலித் தொழிலில் இன்னும் நேரம் இருக்கிறது.

ஆனாலும் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். முகவரியே இல்லாத செயலிக்காரன் ஒருபோதும் உறுப்பினராகமாட்டான்; அவனைப் பிடிக்கக் காவல்துறையும் செயலிக் கடைகளை நடத்தும் நிறுவனங்களும்தான் வேண்டும். உள்ளே இருப்பவர்களைப் பொறுத்தவரை வேறு சிக்கல். சங்கத்தின் ஒரு கை உறுப்பினர்களுக்காக அரசிடமும் ரிசர்வ் வங்கியிடமும் மனுக்கொடுக்கிறது. மறு கை அதே உறுப்பினர்களைக் கண்டிக்கவேண்டும். சந்தா கட்டுபவரிடமே கணக்குக் கேட்பது எளிதன்று. பெரிய நிறுவனம் ஒன்று விதியை மீறும்போது, கூட்டத்தில் எல்லோரும் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நிமிடத்தில் வாய் திறக்க வேண்டியவர்கள் உன்னைப்போன்றவர்கள். கடன் வாங்கியவனுக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

உனக்கு இது கைவந்த வேலை. கடன் மனுவோடு வருபவரை முதலில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நீ மனுவைப் படிப்பாய். உன் கிளைக்கு வந்தபோதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒப்புக்கொள் என்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்ளுமுன் சிலவற்றைக் கேட்டு வாங்கு. புகார்க் குழுவில் உறுப்பினர் நிறுவனங்களின் ஆட்கள் பெரும்பான்மையாக இருக்கக்கூடாது. எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, எந்த உறுப்பினர் எச்சரிக்கப்பட்டார் என்பதை ஆண்டுதோறும் வெளியிட அவர்கள் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். ஓர் உறுப்பினரை நீக்கும் அதிகாரம் சங்க விதிகளில் தெளிவாக இருக்கவேண்டும். இவற்றில் கடைசி இரண்டுக்கும் அவர்கள் தயங்கினால், அழைப்பை நன்றியோடு திருப்பி அனுப்பிவிடு. உன் பெயர் அவர்கள் கடிதத்தாளை அலங்கரிக்க மட்டும் பயன்படுவதை நான் விரும்பமாட்டேன்.

சங்க விதிகளின் நகலை எனக்கு அனுப்பு. கண்புரை அறுவைக்குப் பின் எழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஒரு வாரத்தில் வரி வரியாகப் படித்து, ஐயம் உள்ள இடங்களில் பென்சிலால் குறித்து அனுப்பிவிடுகிறேன். தங்கை மகனிடம் நேற்று இதைச் சொன்னேன். புகார் கொடுக்கும் பக்கம் எந்த மொழியில் இருக்கும் என்றுதான் அவன் முதலில் கேட்டான். அதையும் உன் பட்டியலில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்