எங்கள் எழுத்தாளர்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் இருக்கும் எங்கள் சிறிய எழுத்தாளர் முகமையைச் சேர்ந்த நாவலாசிரியர் ஒருவருக்கும் திரைக்கதை எழுத்தாளர் ஒருவருக்கும் இந்த ஆண்டு விருது கிடைத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்துகிறீர்கள். அதில் பாதி உங்களுக்கே சேர வேண்டியது என்பதால்தான் இந்த மடல்.

முதலில் கானாடுகாத்தான் ஆச்சி. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன குடும்பத்தின் கதையை எழுதிக்கொண்டிருந்த நம் தம்பி வீடு தேடிப் போனபோது, "முதல்ல சாப்பிடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார்கள். சாப்பாடு முடிந்ததும் பெட்டகத்தைத் திறந்து, தன் மாமியாரின் கல்யாண முறைச்சிட்டையை, அதாவது சீர்ப் பொருட்களின் பட்டியலை, எடுத்து வந்தார்கள். வெள்ளிச் சாமானில் தொடங்கி மங்குச் சாமான், பாய், தடுக்கு வரை ஒன்றுவிடாமல் வாசித்தார்கள். எதை அந்த மாமியார் கடைசிவரை எடுத்துப் புழங்கவே இல்லை என்றும் சொன்னார்கள். தேர்வுக்குழு தனியாகப் பாராட்டிய காட்சி அதிலிருந்து பிறந்ததுதான். ஆச்சி, அந்தக் காட்சி உங்களுடையது.

அடுத்து தேவகோட்டை வக்கீல் ஐயா. நாவலைப் படமாக்கக் கேட்டு வந்த ஒப்பந்தத்தில், எல்லா உரிமையும் எல்லாக் காலத்துக்கும் என்று இருந்தது. ஐயா வரி வரியாகப் படித்து, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்து எங்களுக்கு விளக்கினார். காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். "எழுதாம விட்டா சட்டம் பாத்துக்கும், எழுதிக் குடுத்துட்டாத்தான் போச்சு" என்றார். திரையரங்குக்கு வெளியே படம் ஓடும்போது, அதில் இடம்பெற்ற எழுத்துக்குச் சேர வேண்டிய ராயல்டியை ஆசிரியரே விட்டுக்கொடுக்க முடியாது என்ற 2012 திருத்தத்தையும் அவர்தான் காட்டினார். மொழிபெயர்ப்பு உரிமையும் தொடர் உரிமையும் இன்று ஆசிரியர் கையிலேயே இருக்கின்றன. விருதைவிட எனக்கு இது பெரிது. ஐயா ஃபீஸ் வாங்கவில்லை.

பள்ளத்தூர் மெய்ப்புத் திருத்துநர் அக்காவுக்கு நன்றி. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு அத்தியாயங்களில் இரண்டு வயது வந்ததைப் பிடித்தவர் அவர்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள், 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. நாவலாசிரியர் அங்கே பழைய இதழ்களைப் புரட்டியபோது அலுக்காமல் எடுத்துக் கொடுத்த ஊழியர்களுக்கும் நன்றி.

ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தவர். 1948இல் அது சென்னைக்குப் போனது. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் 1980இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அவரும் எழுத்தை நம்பிச் சென்னைக்குத்தான் போனார். எங்கள் திரைக்கதை எழுத்தாளரின் திரைக்கதையோ முழுக்க இங்கேயே உட்கார்ந்து எழுதப்பட்டது. அது நடந்ததற்கு, எழுத இடமும் வேளாவேளைக்குச் சோறும் கொடுத்த வீடுகள்தான் காரணம்.

அப்புறம் ஒன்று. நம் பகுதியில் எழுதுகிற பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எங்களிடம் எடுத்து வரச் சொல்லுங்கள். படித்துச் சொல்லக் காசு கிடையாது. வக்கீல் ஐயாவும் சரி என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
முகமைக்காக