இன்னொரு கூட்டத்துக்குப் போய்ப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். சின்னவள் மறுபடி பி.எட். சேரப் போகிறாளாம், அவளைத்தான் உனக்குத் தெரியுமே. ஒன்றாம் தேதி பணம் வந்தது. மாசம் தவறாமல் பணம் வருகிறது, போன்தான் வரவில்லை.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாயாம், "எனக்குச் சரிப்படாது" என்றாயாம். யார் சொன்னது என்று கேட்காதே. போனாயே, அதுவே எனக்குப் பெரிசு. உன் அப்பா முதல் தடவை வாசல் வரைக்கும் போய், எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நீ உள்ளே போயிருக்கிறாய்.

ஆனால் சரிப்படாதது அந்தக் கூட்டமா, கூட்டம் என்பதே சரிப்படாதா? ஒரு கடையில் சட்டை பொருந்தவில்லை என்று யாரும் வெற்று உடம்போடு வீட்டுக்கு வருவதில்லையே.

எல்லாரும் கிழவர்கள், ஒருத்தருக்கு லிவர் போயிருக்கிறது, ஒருத்தருக்கு வேலை போயிருக்கிறது, நான் அந்த அளவுக்கு இல்லை என்றாயாம். உனக்கு வேலை போகவில்லை, சரி. அந்த ஆளுக்கும் முப்பத்தைந்து வயதில் போயிருக்காது.

சாமி பேச்சு ஜாஸ்தி, சர்ச் அறையில் நடக்கிறது என்பதையெல்லாம் என்னிடம் சொல்லாதே. அறை வாடகைக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. கறுப்புச் சட்டை போட்டுத் தாலி கட்டிய மனுஷன் இத்தனை வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் போகிறார். "எனக்கு மேலே ஒரு சக்தி வேணும்னா இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற ஆட்களே போதும்" என்கிறார். அங்கே யாரும் அவரோடு சண்டைக்கு வரவில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் பூ வைத்தால் என்னோடுதான் சண்டை.

சென்னையில் தமிழில் நடக்கிற கூட்டமும் இருக்கிறது, இங்கிலீஷில் நடப்பதும் இருக்கிறது. நீ ஆபீசில் நாளெல்லாம் இங்கிலீஷ் பேசுகிறவன், ஆனால் கோபம் வந்தால் தமிழில்தான் கத்துவாய். உள்ளே இருப்பது எந்த பாஷையில் வெளியே வருமோ அங்கே போ. வேளச்சேரியிலிருந்து பெரம்பூருக்குப் போகிற கூட்டத்தைத் தேர்ந்தெடுக்காதே, மழை பெய்தால் போகமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இருந்தால் இரண்டு ஏரியா தள்ளிப் போ. திறந்த கூட்டம் என்றால் வீட்டு ஆட்களும் உட்காரலாம். மூடிய கூட்டம், குடியை விட நினைக்கிறவர்களுக்கு மட்டும். விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அங்கே தகுதி. முழுப் பெயர் கேட்கமாட்டார்கள், கட்டணம் கிடையாது. இஷ்டப்பட்டால் காசு போட ஒரு பை சுற்றி வரும், போடாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உன் முறை வரும்போது "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும்.

முடிந்த உடனே வண்டியை எடுக்காதே. டீ குடித்துவிட்டுக் கிளம்பு. அப்பாவின் குழுவில் புதிதாக வருகிறவருக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றுவார்கள், கை நடுங்கினாலும் சிந்தாமல் இருக்க. அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் யார் உன்னிடம் வந்து நம்பர் கொடுக்கிறார்கள் என்று பார். யாருமே வரவில்லை, ஒரே ஆள் அரை மணி நேரம் பேசினார் என்றால், சரி, அது உன் இடம் இல்லை. அடுத்ததைப் பார். ஜூமிலும் நடக்கிறது, ஊருக்குப் போன நாளில் அது உதவும். ஆனால் அதையே பழக்கமாக்காதே, கேமராவை மூடிவிட்டுப் படுத்துக்கொள்வாய்.

ஒன்று மட்டும் கேள். தினமும் குடிக்கிறவன் நீயாகவே ஒரே நாளில் நிறுத்தாதே. ஃபிட்ஸ் வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பார். குடியை விட வைத்தியம் பார்க்கிற இந்திரா நகர் டிடிகே ஆஸ்பத்திரி இருக்கிறது, சாந்தி ரங்கநாதன் 1980ல் ஆரம்பித்தது. குடியால் புருஷனைப் பறிகொடுத்தவர் அவர். கூட்டம் மருந்துக்குப் பதில் இல்லை, மருந்தும் கூட்டத்துக்குப் பதில் இல்லை.

ஏஏ பிறந்த அமெரிக்க ஊர் ஆக்ரன், அப்பா சொல்லிச் சொல்லிச் சலித்த அந்தக் கதை உனக்கு மனப்பாடம். ஏஏவை ஆரம்பித்த பங்குத் தரகர் பில்லும் டாக்டர் பாபும் மணிக்கணக்கில் பேசிய பிறகும், டாக்டர் ஒரு மாநாட்டுக்குப் போய் மறுபடி குடித்துவிட்டு வந்தாரே. அவர் கடைசியாகக் குடித்த நாளிலிருந்துதானே ஏஏ தன் வயதை எண்ணுகிறது, 1935 ஜூன் 10. அப்படி இருக்க, நீ நடுவில் ஒரு தடவை குடித்திருந்தால் அதற்காக எங்களுக்குப் போன் செய்யாமல் இருக்க வேண்டுமா?

அட்வைஸ் பண்ணாதே என்றுதான், குடிக்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்கான அல்அனான் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்கிறார்கள். இந்தக் கடிதத்தை அங்கே காட்டினால் சிரிப்பார்கள். பரவாயில்லை. மருமகளையும் அங்கே ஒரு தடவை போகச் சொல். நீ போகிறாயா இல்லையா என்பதைப் பார்த்துக்கொண்டு அவள் காத்திருக்க வேண்டாம்.

அப்பா தானாகக் கேட்கமாட்டார், "அவனா வரணும்" என்கிறார். வியாழன் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிட்டால் கூட்டம் முடிந்து வந்திருப்பார், நல்ல மூடில் இருப்பார்.

மருமகளிடம் கோபப்படாதே. அவளாகச் சொல்லவில்லை, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

அம்மா