தவணை நிறைவும் ஆங்கிலச் சொற்கொப்பியும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். இத்தவணை நல்லபடியாக நிறைவெய்தியுள்ளது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டு நிகழ்வுகளிலும் பங்குபற்றிய மாணவர்களுக்கும், அவர்களை நெறிப்படுத்திய ஆசிரியர்களுக்கும் எனது பாராட்டுகள்.

தரம் 7, 8 மாணவருக்கு ஆங்கில ஆசிரியர்கள் வழங்கிய சொற்கொப்பியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. காலி (Galle) வீதியில் பஸ்ஸில் வரும்போது கண்ணிற்படும் விளம்பரங்களிலிருந்து வாரத்துக்கு 5 சொற்களைக் குறித்து, அகராதியில் அவற்றின் வேரைத் தேடி, அதே வேரிற் பிறந்த பிற சொற்களையும் எழுதுவதே அதன் முறை. பற்பசை விளம்பரத்தில் 'டென்டல்' என்பதைக் காணும் பிள்ளை, பல்லைக் குறிக்கும் 'டென்ஸ்' என்ற லத்தீன் சொல்லே அதன் வேர் என அறிந்துகொண்டால், 'டென்டிஸ்ட்', 'டென்ச்சர்' என்பவற்றைத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியிராது. தான் ஏறிவந்த 'பஸ்', 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் 'ஒம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் கடைப்பகுதி என்பதையும், சுற்றுலா விளம்பரத்தில் வரும் 'கட்டமரான்' நமது கட்டுமரமே என்பதையும் தானே தேடிக் கண்டறிந்த பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

ஆனால், தவணை முடிவில் சேர்க்கப்பட்ட கொப்பிகளில் கணிசமானவை பெரியவர்களின் கையெழுத்தில் இருந்தன. சிலவற்றில் கைத்தொலைபேசியிலிருந்து எடுத்த பட்டியல்கள் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தன. 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்துகளால் ஆனது என்ற தவறான விளக்கம் பல கொப்பிகளில் ஒரே வசனமாகக் காணப்பட்டது. அது 'புதிய' எனப் பொருள்படும் 'நியூ' என்பதன் பன்மை வடிவம். அகராதியை ஒருமுறை புரட்டிய பிள்ளை இப்பிழையை விட்டிருக்காது.

மேலதிக வகுப்பு முடிந்து களைத்து வரும் பிள்ளைக்கு இரவில் கைகொடுப்பது அன்பினாலேயே என்பதை நான் நன்கறிவேன். புள்ளி குறைந்துவிடுமோ என்ற உங்கள் அச்சமும் எனக்கு விளங்குகிறது. எனினும், அடுத்த தவணை முதல் பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் இல்லாத எந்தப் பக்கத்துக்கும் புள்ளி வழங்கப்படமாட்டாது. இதில் எவருக்கும் விதிவிலக்கு இல்லை.

ஐந்து சொற்கள் சுமையாயின் இரண்டு போதும். பிழையோடு எழுதினாலும் பிள்ளையே எழுதட்டும். திருத்துவது எங்கள் பணி. வீட்டில் அகராதி இல்லாதோர் இடைவேளையில் பாடசாலை நூலகத்தைப் பயன்படுத்தலாம். நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, பயணத்தின்போது ஒரு விளம்பரப் பலகையைக் காட்டி, அச்சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று பிள்ளையிடம் கேட்பதேயாகும்.

வகுப்புகளுக்குப் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் அனுப்பிவைத்த பெற்றோருக்கும், கொப்பியைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவைத்த பெற்றோருக்கும் எனது மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
அதிபர்