ஒரு ஃபிளாட் விட்டுப்போனால்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோட்டேஷன் தாளை, அதாவது ஐந்து கோடுகளில் எழுதிய இசைக்குறிப்பை, ஸ்கேன் செய்து கொடுத்தால் கணினியே வாசித்துக்காட்டும் மென்பொருள்கள் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். சர்ச் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிக்கும் எனக்கு இது அடிக்கடி கைகொடுக்கிற விஷயம். ஆனால் 'இனி நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டியதில்லை' என்று கட்டுரையாளர் சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பயன் இருப்பது உண்மை. ஸ்கேனிலுள்ள நோட்டேஷனைப் படித்தெடுக்கும் ஆடிவெரிஸ் இலவச மென்பொருள். அது தரும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பை (நோட்டேஷனைக் கணினியில் சேமிக்கும் வடிவம்), நோட்டேஷனைத் திருத்தி வாசித்துக்காட்டும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் திறந்து, டெனர் பார்ட்டை (ஆண்களின் மேல்குரலுக்கான பகுதி) மட்டும் தனியாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நோட்டேஷன் தெரியாதவர்களும் வீட்டிலேயே பழகிவிட்டு வருகிறார்கள்.

சிக்கல் பிழைகளில்தான். தாளப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எண்ணிக்கை நீளும் கால் நோட்டை ஒன்றரையாக்கும் பக்கத்துப் புள்ளியை அழுக்கு என்று தள்ளிவிட்டால், நான்கு எண்ணிக்கை வரவேண்டிய பாரில் (தாளக் கட்டத்தில்) மூன்றரைதான் தேறும். கணக்கு இடிப்பதால் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். சுரப் பிழை அப்படியல்ல. இ ஃபிளாட் மேஜர் ஸ்கேலில் அமைந்த பாட்டு என்றால் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் மூன்று ஃபிளாட் குறி (சுரத்தை அரைப்படி இறக்கும் குறி) இருக்கும். பழைய அச்சில் ஏ சுரத்துக்கான மூன்றாவது குறி மங்கிப்போய், மென்பொருள் இரண்டை மட்டும் பிடித்தால் அந்த வரியில் ஏ ஃபிளாட் எல்லாம் வெறும் ஏ ஆகிவிடும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது, பாட்டும் தடங்கலின்றி ஓடும். மெட்டைப் பாடும் சோப்ரானோவில் வந்தால் யார் காதையும் உறுத்தும். நடுக்குரல்களான ஆல்ட்டோவிலோ டெனரிலோ ஒளிந்துகொண்டால், நோட்டேஷன் தெரிந்த ஒருவர் மூலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அகப்படும். அதற்குள் குழுவே அதை மனப்பாடம் செய்திருக்கும்; அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

பாட்டுப் புத்தகங்களில் நான்கு பார்ட்டையும் இரண்டே ஸ்டாஃபில் (ஐந்து கோடுகள் கொண்ட வரிசை) நெருக்கியிருப்பார்கள். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே நோட்டில் சேரும் இடத்தில் மென்பொருள் அதை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவரை வாய்மூட வைப்பதும் உண்டு.

இன்னொன்று. எங்கள் பக்கத்துச் சபைகளில் பெரியவர்கள் பலருக்குப் பழக்கம், டோ, ரே, மீ எழுத்துகளால் சுரத்தைக் குறிக்கும் டானிக் சோல்ஃபாதான். எழுத்துகளும் முக்காற்புள்ளிகளுமாக இருக்கும் அந்தப் பிரதிகள், ஐந்து கோடுகளைத் தேடும் மென்பொருளுக்குப் பயன்படாது. அவற்றைக் கையால்தான் ஏற்றவேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் போனில் படமெடுக்காமல் 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்யட்டும். புத்தகத்தின் வளைவில் கோடுகளும் வளைந்தால் மென்பொருள் தடுமாறும். கோப்பை, சுரங்களை எண்களாக வைக்கும் மிடி வடிவில் மட்டும் சேமிக்க வேண்டாம். கீபோர்டில் ஒரே கட்டையில் ஒலிக்கும் எஃப் ஷார்ப்பும் (அரைப்படி ஏற்றிய எஃப்) ஜி ஃபிளாட்டும் மிடிக்கு ஒரே எண்தான். மியூசிக்எக்ஸ்எம்எல் இரண்டையும் வேறுவேறாக வைத்திருக்கும், பாட்டு வரிகளையும் சேர்த்து. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த அதுதான் தோது.

– ஒரு சர்ச் ஆர்கனிஸ்ட், பாளையங்கோட்டை